புள்ளி சார் ஒளித்த அறுபத்திரண்டு

காலை ஒன்பது மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், தோள்பையைக்கூடக் கழற்றாமல், திரையில் 'வரிசை' என்று அடிக்கிறார். பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கிறார். வைத்த கையோடு விரலைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். புள்ளிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி திறந்து நாலு பெயர்கள் தெரிகின்றன. உதட்டை மட்டும் அசைத்து அவற்றை எண்ணுகிறார். நாலுதான். நேற்றும் நாலுதான், முந்தாநாளும் நாலுதான். "ம், நாலு" என்று திரையிடமே சொல்லிவிட்டுப் புள்ளியை அழிக்கிறார். அதற்கப்புறம்தான் பை தோளிலிருந்து இறங்கும்.

இதனால் அலுவலகத்தில் அவருக்குப் புள்ளி சார் என்று பெயர். "பெரிய புள்ளி வந்தாச்சா?" என்று வாசலிலேயே கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் வருவார். ஓர் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் அதன் வாய் அடைத்துப்போகும், க என்பது க் என்று பாதியில் நிற்கும் என்றுதான் நான் படித்தேன். இவர்கள் தொழிலில் எல்லாம் தலைகீழ். ஒரு பெயருக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தால், அது தனக்குத் தெரிந்த வேலைகளையெல்லாம் கடகடவென்று ஒப்பிக்க ஆரம்பித்துவிடுகிறது.

நான் அவருக்கு எதிர்மேசை. எட்டு வருடமாக. எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கும் நூலகங்களுக்கும் மென்பொருள் செய்கிறது. எனக்கு அதைச் செய்யத் தெரியாது. மற்றவர்கள் செய்ததைப் பற்றி உதவிப் பக்கங்கள் எழுதுவது என் வேலை. புரியாததைப் புரிந்த மாதிரி எழுதுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று வீட்டில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எழுத்துப் பிழை கண்டால் எனக்கு ஆகாது என்பதால் புள்ளி சார் என்னை டீச்சரம்மா என்பார்.

அவர் எழுதுகிறவை பொதுப் பகுதிகள். அதாவது, அவர் ஒரு துண்டை எழுதி வைத்துவிடுவார். மற்ற பிரிவுக்காரர்கள் அதை எடுத்துத் தங்கள் வேலைக்குள் பொருத்திக்கொள்வார்கள். அவற்றில் மூத்தது 'வரிசை'. மருத்துவமனையில் காத்திருப்பவர்கள், நூலகத்தில் ஒரே புத்தகத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள், எங்கெல்லாம் ஒருவர் பின்னால் ஒருவர் நிற்கிறார்களோ அங்கெல்லாம் இவருடைய 'வரிசை'தான் ஓடுகிறது. நான் சேர்ந்த முதல் வாரத்தில் அதை எனக்கு விளக்கினார். விளக்கினார் என்பது அவருடைய கட்சி.

"பட்டியல்னு ஒரு அம்மா. வரிசைன்னு ஒரு புள்ள. அம்மாவுக்கு என்னவெல்லாம் தெரியுமோ, அத்தனையும் புள்ளைக்குப் பொறக்கும்போதே தெரியும்."

"சரி."

"அம்மாவுக்கு அறுபத்திரெண்டு வேலை தெரியும். நடுவுல செருகுவா. தலைகீளா திருப்புவா. பேர் வாரியா அடுக்குவா. மொத்தத்தையும் ஒரே தொடைப்புல தொடைச்சுப் போடுவா."

"கெட்டிக்காரிதான்."

"கெட்டிக்காரி. ஆனா கியூவுல நிக்கறவனுக்கு எதுக்கும்மா அந்தக் கெட்டிக்காரத்தனம்? கடைசில வந்து நிக்கணும், முன்னாடி இருக்கறவன் உள்ள போகணும், மொத்தம் எத்தனை பேர், அடுத்தது யாரு. நாலே வேலை. இந்த நாலையும் நான் எளுதிட்டேன். மீதி அறுபத்திரெண்டும் வில்லங்கம்."

"அப்போ அந்த அறுபத்திரெண்டையும் கொடுக்காமலே பெத்திருக்கலாமே?"

குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "பெத்தா மொத்தமாத்தான் வரும் டீச்சரம்மா. இது வேணும், அது வேணாம்னு பொறுக்க முடியாது."

எனக்கு அன்றைக்கும் தலை சுற்றியது, இன்றைக்கும் சுற்றுகிறது. என்றாலும் பக்கம் எழுதினேன். நாலும் அறுபத்திரண்டும் சேர்த்து அறுபத்தாறு வேலைகள், அகர வரிசையில்.

ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்தொன்று. அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, இரண்டும் எழுதாது. தேவைக்கு மேல் எது கண்ணில் பட்டாலும் அவருக்குப் பொறுக்காது. அலுவலகத்துக் காப்பி இயந்திரத்தில் பன்னிரண்டு பொத்தான்கள். ஒன்பதின் மேல் காகிதம் ஒட்டிவிட்டார். வீட்டில் டிவி ரிமோட்டுக்கும் அதே கதிதான். நாலு பொத்தான் மட்டும் தெரியும், மற்றவை பிளாஸ்திரிக்குக் கீழே. "கையில டேப்பு கெடைச்சா இந்த மனுஷன் என் வாயிலயும் ஒட்டிட்டுத்தான் மறுவேலை பாப்பாரு" என்று அவர் மனைவி ஒரு கல்யாணத்தில் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். விருந்தாளி யாரோ பிளாஸ்திரியின் மேலேயே அழுத்தி, டிவி வேறு பாஷைக்குப் போய், அதைத் திரும்பக் கொண்டுவர இரண்டு நாள் ஆனதாம்.

இன்னொன்று உண்டு. அதை அலுவலகத்தில் எல்லோரும் அறிவோம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புள்ளி சாருக்கு ழ வராது. ள என்றுதான் வரும். பாதிப்பேருக்கு அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். பாதிப்பேர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, இவர் படுகிறார். இவருடைய அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவராக இருந்தவர். அவர் 'ஏழாவது நடைமேடை' என்றால் கூட்டம் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்குமாம். அந்த வீட்டு ழ மொத்தமும் இவருடைய அக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெற்றால் மொத்தமாகத்தான் வரும் என்று இவர் சொன்னபோது இதைக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அந்த எழுத்து வருகிற சொற்களை முடிந்தவரை தவிர்ப்பார். பிழை என்று ஒரு நாளும் சொன்னதில்லை, 'தப்பு'தான். மழை பெய்தால் 'தூறல் போடுது', கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் தூறல்தான். ஏழு மணிக்கு யாரையும் வரச் சொல்ல மாட்டார். ஆறே முக்கால் என்பார். அவசரத்தில் பேசும்போது மட்டும் 'பளைய', 'கீள', 'எளுதிட்டேன்' எல்லாம் நழுவி விழும். நான் அவற்றைக் காதிலேயே திருத்திக்கொண்டு ழ போட்டு எழுதிவிடுவேன். எட்டு வருடப் பழக்கம், யோசிக்கவே வேண்டாம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, இருந்து தொலைத்தது.

போன வருடம் ஒரு நூலகத்தில், புத்தகத்துக்குக் காத்திருந்தவர்களின் வரிசையை யாரோ தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். கடைசியாகப் பெயர் கொடுத்தவருக்கு முதலில் புத்தகம் போயிற்று. மேலாளர் புள்ளி சாரைக் கூப்பிட்டார். மேலாளருக்கு வயது முப்பத்தெட்டு, கோபமே வராத மனிதர். அதனாலேயே பயமாக இருக்கும்.

"வெளியில ரெடிமேடா கெடைக்குது சார். நீங்க எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க? இன்னொரு புகார் வந்தா வரிசையைத் தூக்கிடலாம். உங்களுக்கும் அலைச்சல் வேணாம், வாடிக்கையாளர் போன் மேசையில உக்காந்துக்குங்க."

போன் மேசை என்றால் என்ன என்று சொல்கிறேன். நாள் முழுக்கத் தொலைபேசி அடிக்கும். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அட்டையில் இருப்பதைச் சொல்ல வேண்டும்: "அழைத்ததற்கு நன்றி. உங்கள் பிழை எண்ணைச் சொல்லுங்கள்." அந்த வாரம் மாடிப்படித் திருப்பத்தில் அவரைப் பார்த்தேன். கையில் அந்த அட்டை. சுவரைப் பார்த்து நின்று, நாக்கை மடித்து மடித்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் இரண்டு படி இறங்கி, செருப்பை வேண்டுமென்றே தேய்த்துக்கொண்டு மறுபடி ஏறினேன். அட்டை அதற்குள் பைக்குள் போயிருந்தது.

அதற்கப்புறம் இரண்டு வாரம் தலை நிமிராமல் வேலை பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை, நான் வீட்டுக்குக் கிளம்பி ஒரு கால் வாசலில் வைத்திருந்தபோது, தடுப்புக்கு மேலே முகம் மட்டும் தெரிந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை.

"டீச்சரம்மா! அறுபத்திரெண்டையும் ஒளிச்சுட்டேன். பக்கத்துல போட்டுடுங்க."

புள்ளி வைத்துக் காட்டினார். பெட்டியில் நாலே பெயர்கள். பொறுக்க முடியாது என்றவர் எப்படிப் பொறுக்கினார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பேருந்து போய்விடுமே என்ற பதைப்பில் கேட்கவில்லை. நின்றபடியே பக்கத்தைத் திறந்து, 'தாய்ப் பட்டியலிலிருந்து வந்த அறுபத்திரண்டு வேலைகளும் ஒழிக்கப்பட்டுவிட்டன' என்று அடித்து அவருக்கு அனுப்பினேன். அவர் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, "சரியா இருக்கு" என்று பதில் போட்டார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தே கால் மணிக்கு அவருடைய தொலைபேசி அடித்தது. காதில் வைத்தால் கேட்காத பழைய கருவி; ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். அவர் குடும்ப விஷயங்கள் அத்தனையும் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அவருடைய அக்கா.

"டேய் தம்பி, நீ செஞ்ச மெஷின் என்னை மறந்துபோச்சுடா."

"எங்கக்கா இருக்கே?"

"ரத்த டெஸ்டுக்கு ஆஸ்பத்திரி வந்தேன். ஏழரைக்கே வந்துட்டேன். எனக்கு முன்னாடி ரெண்டே பேரு. நேத்து ராத்திரியோட சரி, வயித்துல ஒண்ணும் இல்ல. கை நடுங்குது. இப்ப வந்த ஒருத்தன் விசிலடிச்சுக்கிட்டே உள்ள போறான், நான் உக்காந்தே இருக்கேன்."

அக்காவுக்குச் சர்க்கரை நோய். வெறும் வயிற்றோடு அவ்வளவு நேரம் இருக்கக் கூடாது. புள்ளி சாரின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"யாரை யாரைக் கூப்பிட்டாங்க? பேரோட மொத எளுத்தை மட்டும் சொல்லு."

"அது எதுக்குடா இப்ப? ஆ… அப்புறம் இ, இ. ஒரு எ. அப்புறம் க, கா, கு. கோ ஒருத்தி, கைக்குழந்தையோட. டேய், என்னடா இது, பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்கற மாதிரி இருக்கு!"

"விசில்காரன்?"

"அவன் அ."

"இப்ப எது ஓடுது?"

"ச. நான் வ-டா. எனக்கு முன்னாடி இன்னும் எத்தனை எழுத்து இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். த, ந, ப, ம என்று வந்தவர் ய-வில் நின்று, எழுந்து, தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே எங்கள் அலுவலகத்து மருத்துவமனைப் பிரிவை நோக்கி ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

மருத்துவமனைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். கெட்டிக்காரி. அன்று காலையில்தான் மருத்துவமனை முகப்புக்கு ஒரு புதுப் பொத்தான் கொடுத்திருந்தாள்: 'இன்றைய பெயர்கள்'. அழுத்தினால் அன்று காத்திருப்பவர்களின் பெயர்கள் அகர வரிசையில் அச்சாகி வரும். முகப்பில் இருந்த பெண்ணுக்கு அது பிடித்துப்போய், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்திக்கொண்டிருக்கிறாள். அவள் அழுத்த அழுத்த, காகிதத்தில் மட்டுமில்லை, வரிசையே அகரவரிசையாகிவிட்டது. வந்த நேரம் போய்ப் பெயர் முன்னால் வந்துவிட்டது.

"பட்டனை அமுக்க வேணாம்னு போன் பண்ணு!" என்றார் புள்ளி சார். பண்ணினாள். அவர் அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஒவ்வொருவரும் வந்த நேரத்தை வைத்து வரிசையைத் திரும்ப அடுக்கினார். அப்படி அடுக்குவதற்கு 'அடுக்கு' என்ற அந்த வேலையையே கூப்பிட வேண்டியிருந்தது. அவரே இல்லாமல் செய்த வேலை! பிள்ளையை அம்மாவின் பெயரால் கூப்பிட்டார், அது ஓடி வந்தது. ஒழிந்துபோனது எப்படி ஓடி வரும் என்று நான் பின்னால் நின்று விழித்தேன்.

மூன்று நிமிடத்தில் அக்காவிடமிருந்து குரல்: "கூப்பிட்டுட்டாங்கடா!" புள்ளி சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் சுருட்டைக்குக் கோபம் வந்தது. "சார், நம்ம பளைய அச்சு புரோகிராம்கிட்டதான் உங்க வரிசையைக் குடுத்தேன். அது கையில எந்தப் பட்டியலைக் குடுத்தாலும் அடுக்கித்தான் அச்சடிக்கும். வரிசையில அடுக்கு இருந்தா நான் குடுத்திருப்பேனா? நகல் எடுத்துக் குடுத்திருப்பேன். பக்கத்துலயே போட்டிருக்கே, இல்லைன்னு!" சுருட்டைக்கும் 'பளைய'தான். அவள் அதைக் கவனித்ததுகூட இல்லை.

"இல்லைன்னு எங்கம்மா போட்டிருக்கு?"

பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் குனிந்து வாய்விட்டுப் படித்தார். "…அறுபத்திரண்டு வேலைகளும் ஒளிக்கப்பட்டுவிட்டன. சரியாத்தானே இருக்கு? ஒளிச்சுத்தான் வெச்சேன். புள்ளி வெச்சா தெரியாது, பேரைச் சொல்லி நேரா கூப்பிட்டா செவப்புக்கோடு போட்டுத் தடுக்கும். ஆனா அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடறவங்களை என்ன பண்ண முடியும்? உங்க அச்சு புரோகிராமுக்கு இதை அம்மாவாத்தானே தெரியும்?"

அவர் தோளுக்கு மேலாக நானும் படித்தேன். எழுத்தில் இருந்தது ழ. அவர் வாயில் வந்தது ள.

அவர் மறைத்து வைத்தார். நான் ஒழித்தார் என்று எழுதினேன். ஒழித்திருந்தால், ஒரு நாளும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார்; 'எடுத்துட்டேன்' என்றிருப்பார், எட்டு வருடமாக அவர் அப்படித்தான் ஒவ்வொரு ழ-வையும் சுற்றிக்கொண்டு போகிறார். அது தெரிந்த ஒரே ஆள் நான். சரியாகச் சொன்ன மனிதரைத் திருத்திவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சுருட்டையும் அவளுடைய பிரிவில் ஆறு பேரும் நின்றார்கள். எப்படி இப்படி எழுதினாய் என்று கேட்டால், அவருடைய நாக்கைத்தானே காட்டிக்கொடுக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மூன்று மணிக்குக் கூட்டம். நீள மேசை, நடுவில் தட்டையான ஒரு தொலைபேசி. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அம்மா அதன் வழியாகப் பேசினார். மேலாளர் முன்னால் என்னுடைய பக்கம், அச்செடுத்து வைத்திருந்தது. புகார் வந்தாயிற்று. வரிசை இருக்குமா போகுமா என்பதை அந்த அம்மா சொல்லப்போகிற பதில்தான் முடிவு செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்" என்றது தொலைபேசி. "அடுக்கற வேலை ஒழிக்கப்பட்டதுன்னு உங்க பக்கம் சொல்லுது. ஒழிச்சீங்களா இல்லையா?"

"ஒளிச்சேம்மா" என்றார் புள்ளி சார்.

"ஒழிச்சது எப்படி வேலை செஞ்சுது?"

"ஒளிச்சதுனாலதாம்மா வேலை செஞ்சுது."

மேலாளர் கைக்குட்டையை எடுத்தார்.

"சார், ஒழிச்சா எப்படிங்க வேலை செய்யும்?"

"ஒளிச்சா செய்யும் சார். எடுத்தாத்தான் செய்யாது."

"அதைத்தானே நானும் காலையிலேருந்து சொல்றேன்?" என்று சுருட்டை இடையில் புகுந்தாள். "ஒளிச்சாச்சுன்னு நம்பித்தானே குடுத்தேன்?"

"ஒளிச்சதுன்னு தெரிஞ்சே ஏம்மா குடுத்தே?"

"என்ன, எல்லாரும் சேர்ந்து கிண்டல் பண்றீங்களா?" என்றது தொலைபேசி.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நாலு பேர் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஒரே சொல்லைப் பேசிக்கொண்டிருந்தார்கள். புள்ளி சார் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மேலாளர் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். இந்தத் தடவை வாய்விட்டுப் படிக்கவில்லை. விரலை எழுத்துக்கு எழுத்து நகர்த்திக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் 'ஒளி' என்று பெரிதாக எழுதி, ள-வுக்குக் கீழே கோடு போட்டார். மேலாளருக்கு ஏதோ பிடிபட்ட மாதிரி புருவம் உயர்ந்தது.

"என்ன நடக்குது அங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே. வாயால சொல்லுங்க" என்றது தொலைபேசி.

"ஒளிம்மா" என்றார் பலகையைத் தட்டிக்கொண்டு. "ஒளி இல்ல, ஒளி."

"ஒளியா, ஒளி இல்லையா?"

அவருக்கு வியர்த்துவிட்டது. இதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"மேடம், தப்பு என்னோடது" என்றேன். "அவர் அந்த வேலைகளை மறைச்சு வெச்சார், அவ்வளவுதான். நான் ஒழிச்சார்னு எழுதிட்டேன். ளகரம் வரவேண்டிய இடத்துல ழகரம் போட்டுட்டேன். ஒரு எழுத்து."

"நீங்கதான் பக்கம் எழுதறவங்களா? எத்தனை வருஷமா?"

"எட்டு."

"உங்க பேச்சுல ரெண்டு எழுத்தும் சுத்தமா வருது. எட்டு வருஷமா எழுதறவங்க, காதால கேட்டதை எப்படி மாத்தி எழுதினீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. மேலாளர் என்னைப் பார்த்தார், சுருட்டை என்னைப் பார்த்தாள். தொலைபேசி பெருமூச்சு விட்டது.

"சரி. யாரோ யாரையோ காப்பாத்தறீங்க. பொருள்ல கோளாறு இருக்கு, எழுத்து மேல பழி போடறீங்க. சாப்பிடாம வந்த நோயாளிங்க எங்ககிட்ட சண்டை போட்டாங்க, உங்ககிட்ட இல்ல. மேலாளர் சார், அந்த வரிசையை எடுத்துடுங்க. வெளியில வாங்கினதைப் போடுங்க, இல்லேன்னா நாங்க—"

"மேடம்!"

புள்ளி சார் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பலகையிலிருந்து நேரே மேசைக்கு வந்தார். இரண்டு கையாலும் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார், கம்பி மேலாளரின் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டது. யாரும் துடைக்கப் போகவில்லை.

"அவங்க தப்பா கேக்கல. நான் சொன்னா ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும். அவங்களுக்கு அது தெரியும். அதான் சொல்ல மாட்டேங்கறாங்க."

"ரெண்டும் எப்படி சார் ஒரே மாதிரி கேக்கும்?"

சுருட்டை இருந்தாள், மேலாளர் இருந்தார், நான் இருந்தேன், முகம் தெரியாத அந்த அம்மா இருந்தார்.

"எனக்கு… ள வராது மேடம்."

தான் சொல்ல நினைத்த எழுத்து வேறு, வந்த எழுத்து வேறு என்பது அவருக்கே கேட்டது. தொலைபேசியை இன்னும் கிட்டே இழுத்து, மேசையோடு மேசையாகக் குனிந்து, நாக்கை நன்றாக உள்ளே மடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார்: "ள."